ஒத்திகை அரங்கு: மயக்க மருத்துவத்தில் பாவனைப் பயிற்சி

மயக்க மருத்துவத்தில் பாவனைப் பயிற்சி என்பது, நோயாளி இல்லாத ஆபரேஷன் தியேட்டரில் மருத்துவர்களைப் பழக்கும் முறை. மேசைமேல் கிடப்பது பொம்மை. அது மூச்சு விடும், அதன் நாடி துடிக்கும், ஊசி போட்டால் அதற்கேற்ப இரத்த அழுத்தம் ஏறி இறங்கும். சுற்றியுள்ள எந்திரங்கள் உண்மையானவை, மனிதர்களும் உண்மையானவர்கள். மருத்துவர்கள் இதைச் சிமுலேஷன் என்றே அழைக்கிறார்கள். இன்று இதயம், பிரசவம், அவசர சிகிச்சை என்று மருத்துவத்தின் பல துறைகளுக்கும் இம்முறை பரவிவிட்டது. ஆயினும் இதற்கு முதலில் இடம் கொடுத்த துறைகளில் மயக்கவியல் முன்னோடி. அப்படி நேர்ந்தது ஏன் என்பதை அறிய, மயக்க மருத்துவரின் கடிகாரத்தை முதலில் பார்க்க வேண்டும்.

நிமிடங்களின் கணக்கு

முழு மயக்கத்தின்போது நோயாளியின் நினைவு மட்டும் நின்றுபோவதில்லை. தசைகளைத் தளர்த்தும் மருந்து கொடுத்ததும் மூச்சும் நின்றுவிடும். அந்தக் கணத்திலிருந்து, மூச்சுக்குழாய்க்குள் குழாயைச் செலுத்தி வென்டிலேட்டரோடு இணைக்கும் வரை, நோயாளியின் உயிர் நுரையீரலில் தேங்கியிருக்கும் ஆக்சிஜனை நம்பி இருக்கிறது. ஓய்வில் இருக்கும் வளர்ந்தவரின் உடல் நிமிடத்துக்கு ஏறத்தாழ 250 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் செலவிடுகிறது. இயல்பாக மூச்சை வெளியே விட்டபின் நுரையீரலில் மிஞ்சும் காற்று சுமார் இரண்டரை லிட்டர். அதில் ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே சாதாரணக் காற்றைச் சுவாசித்தவருக்கு மூச்சு நின்றால் ஓரிரு நிமிடங்களுக்கே அது தாங்கும்.

மயக்கம் தருமுன் முகமூடி வழியாகச் சில நிமிடங்கள் தூய ஆக்சிஜன் கொடுப்பது இதற்காகத்தான். நுரையீரலில் இருந்த நைட்ரஜன் வெளியேறி அந்த இடத்தை ஆக்சிஜன் நிரப்புகிறது. நல்ல உடல்நிலையில் இருப்பவருக்கு இதனால் சுமார் எட்டு நிமிடம் வரை அவகாசம் கிடைக்கும். மிகவும் பருத்த உடலினருக்கு அது மூன்று நிமிடத்துக்கும் குறையலாம். கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும்கூட அவகாசம் சுருங்கிவிடும். இதற்குள் குழாய் உள்ளே போகாவிட்டால், முகமூடி வழியாகவும் காற்றைச் செலுத்த முடியாவிட்டால், மூளைக்கு நிரந்தரச் சேதம் ஏற்படும்.

பெரும்பாலான நாள்களில் இப்படி எதுவும் நேராது. பயிற்சியின் சிக்கலும் அதில்தான் இருக்கிறது. மயக்கத்தில் உயிரைப் பறிக்கக்கூடிய நெருக்கடிகள் அபூர்வமானவை. ஒரு முதுநிலை மாணவர் தம் பயிற்சிக் காலம் முழுவதிலும் அவற்றில் ஒன்றைக்கூடச் சந்திக்காமல் போகலாம். சந்திக்க நேர்ந்தாலும், அந்தக் கணத்தில் மூத்த மருத்துவர் முன்வந்து பொறுப்பை ஏற்றுக்கொள்வார். நோயாளியின் நலனுக்கு அதுவே சரி. ஆனால் இளையவர் பார்வையாளராக ஒதுங்கி நிற்கிறார், அவர் கைக்குப் பழக்கம் வருவதில்லை. சில ஆண்டுகள் கழித்து, ஓர் இரவில், தனியாகப் பொறுப்பில் இருக்கும்போது அதே நெருக்கடி வந்தால், அவர் அதை முதன்முறையாகக் கையாள்கிறார். குருகுல முறைக் கல்வி தொட முடியாத இந்த இடைவெளியை நிரப்பவே பாவனைப் பயிற்சி தோன்றியது.

துருத்தியில் பிறந்த விமானம்

ஆபத்தை ஆபத்தில்லாமல் பழகும் வழியைக் காட்டியது விமானத்துறை. அமெரிக்காவின் பிங்காம்டன் நகரில் எட்வின் லிங்க் என்பவரின் குடும்பம் பியானோவும் ஆர்கனும் செய்துவந்தது. ஹார்மோனியத்தைப் போலவே அந்த வகை இசைக்கருவிகளிலும் துருத்திதான் காற்றைச் செலுத்தும். லிங்க் அதே துருத்திகளைக் கொண்டு, விமானியின் அசைவுக்கேற்பச் சாய்ந்து திரும்பும் ஒரு சிறு கூண்டை 1929 வாக்கில் உருவாக்கினார். முதலில் அதைக் கேளிக்கைப் பூங்காக்களே வாங்கின. 1934இல் அமெரிக்க ராணுவ விமானப்படை தபால் சுமக்கும் பணியை ஏற்று, மோசமான வானிலையில் பல விமானிகளைப் பலிகொடுத்தது. அதன்பிறகே கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பயிற்சிக்காக லிங்கின் கூண்டை அது வாங்கியது. இரண்டாம் உலகப்போரில் லட்சக்கணக்கான விமானிகள் அதில் அமர்ந்து பழகினார்கள்.

மருத்துவத்துக்கு உயிர்காக்கும் பயிற்சிப் பொம்மையைக் கொடுத்ததும் ஒரு விளையாட்டுச் சாமான் தொழிலதிபர்தான். நார்வேயின் ஸ்டாவங்கர் நகரில் மென்மையான பிளாஸ்டிக்கில் பொம்மைகள் செய்துவந்தவர் ஆஸ்முண்ட் லேர்டால். வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதி உயிர்காக்கும் முறையை 1950களின் இறுதியில் அமெரிக்காவின் பால்டிமோரில் நிறுவிக் காட்டியவர் பீட்டர் சஃபார் என்ற மயக்க மருத்துவர். பியோர்ன் லிண்ட் என்ற நார்வே மயக்க மருத்துவரும் சஃபாரும் தந்த ஆலோசனைகளின்படி, 1960இல் லேர்டால் ஆளுயரப் பயிற்சிப் பொம்மை ஒன்றைச் செய்தார். அதற்கு வைத்த பெயர் ரெசுசி ஆன். பாரிஸின் சேன் நதியில் மூழ்கி இறந்ததாகச் சொல்லப்படும் பெயர் தெரியாத இளம்பெண்ணின் முகவார்ப்பே அதன் முகமாயிற்று. தலையைச் சரியாகப் பின்னால் சாய்த்தால்தான் காற்று உள்ளே போகும், மார்பை அழுத்தினால் உள்ளிருக்கும் வில் எதிர்த்துத் தள்ளும். இந்த இரண்டு எளிய அமைப்புகளும் உலகெங்கும் கோடிக்கணக்கானவர்களுக்கு உயிர்காக்கும் முதலுதவியைக் கற்றுக்கொடுத்தன.

காலத்தை முந்திய எந்திரம்

கணினியால் இயங்கிய முதல் நோயாளிப் பொம்மை 1960களின் பிற்பகுதியில் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் உருவானது. கல்வியியலாளர் ஸ்டீபன் ஆபிரகாம்சனும் மயக்க மருத்துவர் ஜட்சன் டென்சனும், ஏரோஜெட் ஜெனரல் என்ற விண்வெளித்துறை நிறுவனத்தின் பொறியாளர்களோடு சேர்ந்து அதைச் செய்தார்கள். சிம் ஒன் என்று பெயரிடப்பட்ட அந்தப் பொம்மையின் மார்பு ஏறி இறங்கியது. கண்கள் இமைத்தன, கருமணிகள் விரிந்து சுருங்கின, தாடை திறந்து மூடியது, இதயத் துடிப்போடு இசைந்து நாடி அடித்தது. சிரைவழி செலுத்தும் நான்கு மருந்துகளுக்கும் இரண்டு வாயுக்களுக்கும் அது எதிர்வினை காட்டியது. மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்தும் திறனை சிம் ஒன்னில் பழகியவர்கள், வழக்கமான முறையில் பழகியவர்களைவிட விரைவில் எட்டினார்கள் என்று 1969இல் வெளியான ஆய்வு காட்டியது.

அப்படியிருந்தும் ஒரே ஒரு சிம் ஒன்தான் செய்யப்பட்டது. அக்காலக் கணினிகள் பெரியவை, விலை மிகுந்தவை. செலவைவிடப் பெரிய தடை ஒன்றும் இருந்தது. நோயாளிகளிடம் பழகினால் போதாதா என்ற கேள்விக்கு அன்றைய மருத்துவக் கல்விக் கூடங்கள் போதும் என்றே பதில் வைத்திருந்தன. அந்தப் பதிலை அசைத்தது வேறொரு திசையிலிருந்து வந்த ஆய்வு.

தவறு எங்கே இருக்கிறது?

மயக்கம் எவ்வளவு ஆபத்தானது என்பதை ஹென்றி பீச்சரும் டொனால்டு டாடும் 1954இல் கணக்கிட்டிருந்தார்கள். அமெரிக்காவின் 10 மருத்துவமனைகளில் ஐந்தாண்டுகளில் நடந்த 5,99,548 மயக்கங்களை ஆராய்ந்து, 1,560 பேருக்கு ஒருவர் மயக்கம் சார்ந்த காரணத்தால் இறந்தார் என்று எழுதினார்கள். எத்தனை பேர் இறந்தார்கள் என்பது தெரிந்தது. எப்படித் தவறு நேர்கிறது என்பது அதிலிருந்து தெரியவில்லை.

பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பணியாற்றிய ஜெஃப்ரி கூப்பர் ஒரு பொறியாளர். விமான விபத்துகளை ஆராய உளவியலாளர்கள் கையாண்ட நேர்காணல் முறையை அவர் மயக்க மருத்துவத்துக்குக் கொண்டுவந்தார். மரணத்தில் முடிந்தவற்றை மட்டும் கேட்காமல், மயிரிழையில் தப்பியவற்றையும் மருத்துவர்களிடம் கேட்டுத் தொகுத்தார். 1978இல் வெளியான அவரது கட்டுரை 359 நிகழ்வுகளை அலசியது. தடுத்திருக்கக்கூடிய நிகழ்வுகளில் 82 விழுக்காட்டில் மனிதத் தவறு இருந்தது. கருவி தானாகப் பழுதானது 14 விழுக்காடு மட்டுமே. சுவாசக் குழாய் இணைப்பு கழன்றது, வாயுவின் அளவைத் தவறுதலாக மாற்றியது, ஒரு சிரிஞ்சுக்குப் பதில் இன்னொன்றை எடுத்தது போன்றவையே திரும்பத் திரும்ப வந்தன. அறிவுக்குறைவால் நேர்ந்தவையாக இவற்றைக் கருத முடியாது. தெரிந்தவர்கள், களைப்பிலும் அவசரத்திலும் கவனச்சிதறலிலும் செய்தவை இவை.

1980களில் இந்தத் துறை விழித்துக்கொண்டது. 1985இல் அமெரிக்காவில் மயக்கப் பாதுகாப்புக்கென்றே ஓர் அறக்கட்டளை தொடங்கப்பட்டது. ஆக்சிஜன் அளவைத் தோல்வழியே காட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரும், மூச்சில் வெளிவரும் கார்பன் டை ஆக்சைடைக் காட்டும் கேப்னோகிராஃபும் தியேட்டருக்குள் வந்தன. ஆனால் எச்சரிக்கை மணி அடித்த பிறகு மருத்துவர் என்ன செய்கிறார் என்பதை எந்தக் கருவியும் மாற்ற முடியாது. அதற்குப் பயிற்சி வேண்டியிருந்தது.

இரண்டு பள்ளிகள்

1980களின் பிற்பாதியில் அமெரிக்காவின் இரு கரைகளிலும் ஒரே காலத்தில் இரண்டு முயற்சிகள் நடந்தன. ஃபுளோரிடாவின் கெய்ன்ஸ்வில் நகரில் மைக்கேல் குட், கிரேவன்ஸ்டீன் ஆகியோரின் குழு எந்திரத்திலிருந்து தொடங்கியது. அவர்கள் செய்த நுரையீரல் மாதிரி உண்மையிலேயே ஆக்சிஜனை உறிஞ்சிக் கார்பன் டை ஆக்சைடை வெளியிட்டது. மயக்க எந்திரத்தில் மறைவாக ஒரு பழுதை உண்டாக்கி, மாணவர் அதைக் கண்டுபிடிக்கிறாரா என்று பார்ப்பது அவர்கள் வழக்கம். உடலியங்கியல் சமன்பாடுகளைக் கணினியில் ஏற்றி, ஒரு மருந்தின் அளவு மாறினால் இதயமும் நுரையீரலும் எப்படி மாறும் என்பதைத் தானாகவே கணக்கிடும் பொம்மைகள் இந்தக் கிளையிலிருந்து வளர்ந்தன.

ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த டேவிட் காபா மனிதரிலிருந்து தொடங்கினார். அவரும் அப்போது மாணவராக இருந்த ஆப் டிஆண்டாவும் 1986இல் முதல் மாதிரியைச் செய்து, 1988இல் அதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு பொம்மை, அலைக்கோடுகளை உற்பத்தி செய்யும் கருவிகள், உண்மையான தியேட்டர், அறுவை மருத்துவராகவும் செவிலியராகவும் நடிப்பவர்கள் ஆகிய நான்கும் அதில் இருந்தன. அடுத்த அறையில் பயிற்றுநர் அமர்ந்து நெருக்கடியை நடத்துவார். காபாவுக்கு வேண்டியிருந்தது ஒரு கேள்விக்கான விடை: அனுபவம் உள்ள மருத்துவர்களும் நெருக்கடியில் தடுமாறுவது ஏன்?

இதற்கான பாதையையும் விமானத்துறையே போட்டிருந்தது. 1977இல் டெனெரிஃப் விமான நிலையத்தில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். அதில் ஒரு விமானத்தின் தலைமை விமானி மிகுந்த அனுபவசாலி. உடனிருந்தவர்களின் ஐயம் அவரைத் தடுத்து நிறுத்தும் அளவுக்கு எட்டவில்லை. 1979இல் நாசா கூட்டிய பட்டறையிலிருந்து, விமானிக்குழு ஒன்றாகச் சிந்திக்கவும் பேசவும் பழக்கும் பயிற்சி வளர்ந்தது. காபாவும் ஸ்டீவன் ஹோவர்டும் கெவின் ஃபிஷும் அதை மயக்க மருத்துவத்துக்கு ஏற்றபடி மாற்றி, 1990 முதல் நெருக்கடி மேலாண்மைப் பயிற்சியாக நடத்தினார்கள். 1990களில் பாஸ்டனிலும் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இதே வகை மையங்கள் எழுந்தன.

ஒரு நெருக்கடியின் அரைமணி நேரம்

பயிற்சி எப்படி நடக்கிறது என்பதைக் கொடுங்காய்ச்சல் எனத் தக்க ஒரு நெருக்கடியைக் கொண்டு விளக்கலாம். சிலருடைய தசைகளில் மரபுவழிக் குறை ஒன்று உண்டு. சாதாரண நாள்களில் அது தெரியாது. செவோஃப்ளூரேன், ஹாலோத்தேன் போன்ற ஆவி மயக்க மருந்துகளோ சக்சினைல்கோலின் என்ற தசைத்தளர்ச்சி மருந்தோ உடலில் சேர்ந்ததும், தசைச் செல்களின் உள்ளே கால்சியம் அடங்காமல் பெருகும். தசைகள் இறுகி, எரிபொருளை வெறித்தனமாக எரித்து, உடலைக் கொதிக்கவைக்கும். 1960இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் டென்பரோவும் லவலும் ஒரு குடும்பத்தில் இதைக் கண்டு எழுதினார்கள். அக்காலத்தில் இதற்கு ஆளானவர்களில் பெரும்பாலோர் இறந்தார்கள். டான்ட்ரோலின் என்ற மாற்றுமருந்து வந்தபிறகு பெரும்பாலோரைக் காப்பாற்ற முடிகிறது, நேரத்தோடு கொடுத்தால்.

பயிற்சி அரங்கில் பொம்மைக்கு ஒரு வரலாறு தரப்படுகிறது: 70 கிலோ எடையுள்ள இளைஞர், கால் எலும்பு முறிவுக்கு அறுவை. தொடக்கத்தில் எல்லாம் சீராக இருக்கும். பத்து நிமிடம் கழித்துக் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் கேப்னோகிராஃபின் எண்ணை மெல்ல உயர்த்துவார். நாடி வேகமெடுக்கும். மயக்கம் போதவில்லையோ என்று நினைத்துப் பயிற்சி பெறுபவர் ஆவி மருந்தை இன்னும் கூட்டக்கூடும். கொதிக்கும் நோயாளிக்கு அது எரிகிற தீயில் எண்ணெய். காற்றை அதிகமாகச் செலுத்தியும் கார்பன் டை ஆக்சைடு குறையவில்லையே என்று கவனிப்பவரே உண்மையை நெருங்குகிறார். உடல் வெப்பம் ஏறுவது பெரும்பாலும் பிந்தித்தான் தெரியும்.

நோயை இனங்கண்டபின் வேலை பெருகுகிறது. ஆவி மருந்தை நிறுத்த வேண்டும், தூய ஆக்சிஜனை மிகுதியாகச் செலுத்த வேண்டும், அறுவையை விரைந்து முடிக்கச் சொல்ல வேண்டும், உடலைக் குளிர்விக்க வேண்டும். டான்ட்ரோலின் அளவு கிலோவுக்கு இரண்டரை மில்லிகிராம். 70 கிலோவுக்கு 175 மில்லிகிராம். வழக்கமான குப்பி ஒன்றில் இருப்பது 20 மில்லிகிராம் தூள், ஒவ்வொன்றையும் 60 மில்லிலிட்டர் தூய நீரில் குலுக்கிக் கரைக்க வேண்டும். முதல் தவணைக்கே ஒன்பது குப்பிகள் தேவை. தூள் எளிதில் கரையாது. இந்தக் கணக்கைப் புத்தகத்தில் படித்தவர் பலர். ஒன்பது குப்பிகளைக் கரைக்க எத்தனை கைகள் வேண்டும் என்பது, குலுக்கிப் பார்த்தவருக்கே தெரியும். உதவிக்கு ஆளைக் கூப்பிடுவது தோல்வி என்று நினைக்கும் மனம் அங்கே உடைகிறது. அது உடைவதே பயிற்சியின் பயன்களில் ஒன்று.

பார்வை ஒட்டிக்கொள்ளும் இடம்

இத்தகைய ஒத்திகைகளைப் படம்பிடித்துப் பார்த்தபோது, திறமையுள்ளவர்களும் ஒரே விதமான மூன்று பொறிகளில் சிக்குவதைக் காபாவின் குழு விவரித்தது. "இதுதான், வேறில்லை" என்று முதலில் தோன்றிய காரணத்தையே பற்றிக்கொள்வது ஒன்று. "இதைத் தவிர வேறெதுவாகவும் இருக்கலாம்" என்று, மிக மோசமான காரணத்தை ஒப்புக்கொள்ளாமல் மற்றவற்றைத் தேடிக்கொண்டே இருப்பது இன்னொன்று. "எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது" என்று மானிட்டரின் எண்ணைக் கருவிக்கோளாறாகக் கருதி ஒதுக்குவது மூன்றாவது.

இவற்றில் முதல் பொறி எவ்வளவு கொடியது என்பதற்கு இங்கிலாந்தில் 2005இல் நடந்த நிகழ்வு சான்று. விமானி மார்ட்டின் புரோமிலியின் மனைவி எளிய சைனஸ் அறுவைக்காக மருத்துவமனை சென்றார். மயக்கம் கொடுத்தபின் குழாய் உள்ளே போகவில்லை, முகமூடி வழியாகவும் காற்றைச் செலுத்த முடியவில்லை. அனுபவம் மிக்க மூன்று மருத்துவர்கள் மீண்டும் மீண்டும் குழாயையே முயன்றார்கள். கழுத்தில் துளையிட்டுக் காற்றைச் செலுத்த உதவும் கருவிகளைச் செவிலியர் ஒருவர் கொண்டுவந்து வைத்தார். இன்னொருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கை கேட்டுவைத்தார். செய்யவேண்டியது என்ன என்பது அந்த அறையில் சிலருக்குத் தெரிந்திருந்தது. அது முடிவெடுப்பவரின் காதில் ஏறவில்லை. பதின்மூன்று நாள் கழித்துப் புரோமிலியின் மனைவி இறந்தார். யாரையும் பழிக்காமல், இதிலிருந்து மருத்துவம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்ட புரோமிலி, மருத்துவத்தில் மனிதக் காரணிகளை ஆராயும் இயக்கம் ஒன்றைத் தொடங்கினார்.

ஆகவே நெருக்கடிப் பயிற்சி, கையின் திறனோடு பேச்சின் திறனையும் கற்பிக்கிறது. உதவியை முன்கூட்டியே அழைப்பது, யார் தலைமை என்பதைத் தெளிவாக்குவது, வேலையைப் பெயர் சொல்லிப் பகிர்வது, சொன்னதைக் கேட்டவர் திருப்பிச் சொல்லி உறுதிசெய்வது, செய்முறைப் பட்டியலை எடுத்து உரக்கப் படிக்க ஒருவரை நியமிப்பது ஆகியவை அதன் பாடங்கள். "அட்ரினலின் யாராவது போடுங்கள்" என்று காற்றில் சொல்வதற்கும், ஒருவரைப் பார்த்து, அளவைச் சொல்லி, போட்டதும் தெரிவிக்கச் சொல்வதற்கும் இடையில் ஓர் உயிர் இருக்கலாம்.

ஒத்திகைக்குப் பின்

பொம்மையோடு கழியும் நேரம் பயிற்சியில் பாதிகூட இல்லை. ஒத்திகை முடிந்ததும் எல்லோரும் வட்டமாக அமர்ந்து நடந்ததை அலசுகிறார்கள். டீபிரீஃபிங் எனப்படும் இந்த அமர்வு ஒத்திகையைவிட நீண்டது. முதலில் பங்கேற்றவர்கள் தங்கள் பதற்றத்தைக் கொட்டித் தீர்க்கிறார்கள். அடுத்து, எந்தக் கட்டத்தில் எது தெரிந்தது, என்ன நினைத்தார்கள், ஏன் அப்படிச் செய்தார்கள் என்று ஒவ்வொன்றாகப் பிரிக்கிறார்கள். கடைசியில், நாளை தியேட்டரில் எதை மாற்றிச் செய்வது என்று தொகுக்கிறார்கள்.

நல்ல பயிற்றுநர் தீர்ப்புச் சொல்வதில்லை, கண்டதை மறைப்பதும் இல்லை. "குழாய் போனபின் கேப்னோகிராஃபைப் பார்க்காமல் மார்பின் அசைவைப் பார்த்தீர்கள். குழாய் உணவுக்குழாயில் இருந்தாலும் மார்பு அசையக்கூடும் என்பதால் எனக்குக் கவலையாக இருந்தது. அப்போது உங்கள் மனத்தில் என்ன ஓடியது?" என்று கேட்கிறார். தவறான செயலுக்குப் பின்னால் இருந்த நியாயம் வெளியே வந்தால்தான் அதைத் திருத்த முடியும். இதற்கு அறையில் நம்பிக்கை வேண்டும். இங்கே நடந்தது வெளியே போகாது, தவறியதற்காக எவரும் இழிவுபடுத்தப்படமாட்டார் என்ற உறுதியைத் தொடக்கத்திலேயே தருகிறார்கள்.

அலசல் இல்லாத ஒத்திகையால் பயன் இல்லை என்பதை 2006இல் சவோல்டெல்லி குழுவினர் 42 மயக்கவியல் மாணவர்களிடம் சோதித்துக் காட்டினார்கள். அலசல் பெறாதவர்களிடம் முன்னேற்றம் காணவில்லை. பெற்றவர்கள் முன்னேறினார்கள். வீடியோவைப் போட்டுக் காட்டினாலும், வாயால் பேசி அலசினாலும் பலன் ஒன்றாகவே இருந்தது. விலையுயர்ந்த கேமராவைவிட, கேட்கத் தெரிந்த ஆசிரியர் முக்கியம் என்பதே இதன் பொருள்.

சான்றுகள் சொல்வது

பொம்மையிடம் கற்றது மனிதரிடம் பயன்படுமா என்பது நியாயமான கேள்வி. நெதர்லாந்தின் லைடன் நகரில் நடந்து 1994இல் வெளியான ஆய்வு, கொடுங்காய்ச்சல் நெருக்கடியைச் சிமுலேட்டரில் பழகியவர்கள், நான்கு மாதம் கழித்தும் அதைப் பழகாதவர்களைவிட விரைவாகவும் முறையாகவும் செயல்பட்டதைக் காட்டியது. கனடாவின் டொரன்டோவில் 2010இல் புரூப்பாகர் குழு ஒருபடி மேலே சென்றது. இதய அறுவைக்குப் பின் நோயாளியை இதய-நுரையீரல் எந்திரத்திலிருந்து விடுவிக்கும் கலையை, பயிற்சி பெறும் 20 மருத்துவர்களில் பாதிப் பேர் வகுப்பறையிலும் பாதிப் பேர் சிமுலேட்டரிலும் கற்றார்கள். பிறகு உண்மையான நோயாளிகளிடம் அவர்கள் செய்ததை மதிப்பிட்டபோது சிமுலேட்டரில் கற்றவர்களே மேலோங்கி நின்றார்கள்.

சிமுலேஷன் புதிய முறைகளைச் சோதிக்கும் களமாகவும் ஆயிற்று. 2013இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் 17 குழுக்களை 106 பாவனை நெருக்கடிகளில் நிறுத்தினார்கள். செய்முறைப் பட்டியலைக் கையில் வைத்திருந்தபோது தவறவிட்ட முக்கியச் செயல்கள் 6 விழுக்காடு. நினைவை மட்டும் நம்பியபோது 23 விழுக்காடு. இப்படியொரு சோதனையை உண்மையான நோயாளிகளிடம் நடத்தவே முடியாது.

ஆனால் பாவனைப் பயிற்சியால் இத்தனை மரணங்கள் குறைந்தன என்று நேரடியாக எண்ணிச் சொல்வது கடினம். மயக்க மரணம் இன்று மிக அரிதாகிவிட்டதால், வித்தியாசத்தைக் காண லட்சக்கணக்கான நோயாளிகளைத் தொடர வேண்டும். அதே காலத்தில் மருந்துகளும் மானிட்டர்களும் மேம்பட்டன. எது எவ்வளவு காத்தது என்று பிரிப்பது எளிதல்ல.

விலைக்கும் பயனுக்கும் இடையில்

எல்லாப் பாடத்துக்கும் விலையுயர்ந்த பொம்மை வேண்டியதில்லை. கழுத்தில் துளையிடும் பயிற்சி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சுவாசவழிச் சிக்கல்கள் பற்றி பிரிட்டன் முழுவதும் நடத்தி 2011இல் வெளியிட்ட தணிக்கையில், மயக்க மருத்துவர்கள் ஊசிவழிச் சிறுகுழாயைக் கழுத்தில் செலுத்திய முயற்சிகளில் ஏறத்தாழ 60 விழுக்காடு தோற்றது தெரியவந்தது. 2015இல் அந்நாட்டின் கடின சுவாசவழிச் சங்கம், கத்தியால் கீறி, வழிகாட்டித் தண்டைச் செலுத்தி, அதன்மேல் குழாயை ஏற்றும் முறையையே எல்லோரும் பழக வேண்டும் என்றது. இதைப் பழகப் பிளாஸ்டிக் குழாயும் அதன்மேல் போர்த்திய செயற்கைத் தோலும் போதும். இறைச்சிக்கடையில் கிடைக்கும் விலங்கின் மூச்சுக்குழாயிலும் பழகலாம். இங்கே வேண்டியது பத்து முறை, இருபது முறை செய்து கையில் ஏறும் பழக்கம்.

தனி மையம் கட்டாமல், வேலை செய்யும் தியேட்டரிலேயே முன்னறிவிப்பின்றி ஒத்திகை நடத்துவதும் உண்டு. அவசர மருந்துப்பெட்டி எங்கே இருக்கிறது, டான்ட்ரோலின் எந்த அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது, சாவி யாரிடம் என்ற கேள்விகளுக்கு இத்தகைய ஒத்திகையே பதில் சொல்லும். மையத்தில் மனிதர்களின் குறை தெரியும், இங்கே மருத்துவமனையின் குறையும் தெரியும். வசதி குறைந்த நாடுகளுக்கென்றே வடிவமைத்த வாஸ்ட் என்ற மூன்றுநாள் பயிற்சி ருவாண்டாவில் தொடங்கியது. மடித்து எடுத்துச்செல்லும் எளிய கருவிகளும், நோயாளியாக நடிக்கும் மனிதரும், எண்களைக் காட்டும் ஒரு திரையும் அதற்குப் போதும்.

பல நாடுகளில் இது இன்று விருப்பப்பாடமாக இல்லை. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நெருக்கடி மேலாண்மைப் பயிற்சி மயக்கவியல் பட்டத்தின் பகுதி. இஸ்ரேல் 2000களிலேயே தேசியத் தேர்வில் சிமுலேஷனைச் சேர்த்தது. இந்தியாவில் 2019இல் நடைமுறைக்கு வந்த திறன் அடிப்படையிலான எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம், மருத்துவக் கல்லூரிகளில் திறன் ஆய்வகம் இருக்க வேண்டும் என்று விதித்தது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கும் இது பொருந்தும். ஆய்வகத்தில் பொம்மைகளை வாங்கி அடுக்குவது எளிது. அலசலை நடத்தத் தெரிந்த ஆசிரியர்களை உருவாக்குவதும், தியேட்டர் வேலையிலிருந்து அவர்களுக்கு நேரம் ஒதுக்குவதும்தான் கடினம். பயனின் பெரும்பகுதி இதில்தான் தங்கியிருக்கிறது.

எல்லைகள்

பொம்மையின் தோல் நீலம் பாரிக்காது, வியர்க்காது. உயிருள்ள திசுவின் மென்மையும் கசிவும் பிளாஸ்டிக்கில் வராது. ஏதோ நடக்கப்போகிறது என்று தெரிந்தே உள்ளே வருவதால் பங்கேற்பவர்கள் வழக்கத்தைவிட விழிப்பாக இருப்பார்கள். சரியாக வடிவமைக்காத ஒத்திகை தவறான பழக்கத்தையும் கற்றுக்கொடுக்கக்கூடும். மருந்தை உண்மையில் உறிஞ்சி எடுக்காமல் "கொடுத்துவிட்டேன்" என்று வாயால் சொல்லிப் பழகியவர், அந்தச் செயலுக்கு ஆகும் நேரத்தை மறந்துவிடுவார். ஒருமுறை பெற்ற திறன் காலப்போக்கில் தேயும் என்பதால் ஒத்திகையைக் குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பச் செய்ய வேண்டும். இவற்றை அறிந்து நடத்துவதே நல்ல மையத்தின் அடையாளம்.

நோயாளியின் படுக்கையருகே நின்று கற்பதற்குப் பாவனைப் பயிற்சி மாற்று ஆகாது. அதற்கு முன்பும் அதற்கு இடையிலும் வைக்கவேண்டிய படி அது. எந்த மருத்துவரும் ஏதோ ஒரு நாளில் எதையும் முதன்முறையாகச் செய்தே ஆக வேண்டும். அந்த முதல்முறை பொம்மையிடம் நடக்க வேண்டும். மயங்கிக் கிடப்பவர் தம் மூச்சையே இன்னொருவர் கையில் ஒப்படைத்திருக்கிறார். அந்தக் கை முன்பே பழகியிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க அவருக்கு முழு உரிமை உண்டு.